60 கி.மீ. உயரத்தில் எலிவான் வேலை செய்யல, ஏன்?

கேள்வி (தக்கலை):
புராஜெக்டுக்கு மாக் 6 (ஒலியைப்போல ஆறு மடங்கு வேகம்) வாகனத்தின் கன்ட்ரோலர் சிமுலேஷன் போட்டிருக்கேன். 30 கி.மீ.-க்கு டியூன் பண்ணின கெயின் (பிழையை எவ்வளவு பலமா திருத்தணும்ங்கிற அளவு) நல்லா நிக்குது. அதே கெயினில் 60 கி.மீ.-ல் எலிவானை (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல்) முழுசா வளைச்சும் மூக்கு அசையல. எங்க தப்பு, அண்ணன்மாரே?

பதில் (நாகர்கோவில்):
தம்பி, முதல்ல டைனமிக் பிரஷரை (எதிர்வரும் காற்று தள்ளும் அழுத்தம்) பாருங்க: 0.7 × காற்றழுத்தம் × மாக் எண்ணின் வர்க்கம். 30 கி.மீ.-ல் சுமார் 30,000 பாஸ்கல். 60-ல் வெறும் 550. எலிவானின் பலம் ஐம்பதில் ஒரு பங்காயிடுது. கெயினை இந்த அழுத்தத்தை வச்சு ஷெட்யூல் பண்ணுங்க, அதாவது அழுத்தம் குறையக் குறைய ஏத்துங்க. ஆனா கெயினை ஏத்திக்கிட்டே போனா ஆக்சுவேட்டர் (எலிவானை அசைக்கும் கருவி) எல்லையில் முட்டும், இன்டகிரேட்டர் (பிழையைக் கூட்டிச் சேர்க்கும் பகுதி) நிரம்பி வழியும். இறங்கும்போது அது விடுபட நேரமாகி ஆட்டம் பிடிக்கும். அப்படி நிரம்பாம தடுக்கும் ஆன்டி-வைண்டப் கண்டிப்பா வேணும். மேலே ரியாக்‌ஷன் ஜெட் (வாகனத்தைத் திருப்பும் சின்ன ராக்கெட்) இல்லாம முடியாது. ஸ்பேஸ் ஷட்டிலில் யா ஜெட் (மூக்கை இடவலமா திருப்புறது) இறங்கும்போது மாக் 1 வரைக்கும் ஓடுச்சு, ஏன்னா மூக்கு தூக்கியிருக்கும்போது ரடர் (வாலில் இருக்கும் திருப்பு மடல்) உடம்புக்குப் பின்னால மறைஞ்சிடும்.

பதில் (மார்த்தாண்டம்):
தானா கெயின் மாத்துற அடாப்டிவ் முறைக்குத் தாவினா ஜாக்கிரதை. 1967 நவம்பர் 15-ல் எக்ஸ்-15 ராக்கெட் விமான விபத்தில் அதோட எம்ஹெச்-96 அடாப்டிவ் கன்ட்ரோலர் பிட்ச் (மூக்கு மேல்கீழ்) ஆட்டத்தில் மாட்டி, கெயினைக் குறைக்கவே இல்லை. விமானம் உடைஞ்சு விமானி மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார். கெயினுக்கு மேல்வரம்பு வைங்க.

தக்கலை:
ட்ரிம்முக்கு (வாகனத்தைச் சமநிலையில் நிறுத்த) மடல் வளைவில் எவ்வளவு மிச்சம் வைக்கணும்?

நாகர்கோவில்:
தாராளமா வைங்க. 1981-ல் ஷட்டிலின் முதல் பயணத்தில் பாடி ஃபிளாப் (உடம்பின் பின்னடியில் இருக்கும் மடல்) கணிச்சதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வளைய வேண்டியிருந்தது. ஏன்னா வளிமண்டலத்துக்குள்ள திரும்பும்போது வரும் சூட்டில் காற்றின் மூலக்கூறே பிரியுது. சாதாரண விண்ட் டனலில் (காற்றை ஊதிச் சோதிக்கும் சுரங்கம்) அது தெரியாது.