ஏமனில் நர்ஸ் வேலை: தங்கச்சியை அனுப்பலாமா?

குடியாத்தம்காரன்:
தங்கச்சி வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், படிப்புக் கடன் இன்னும் ஓடுகிறது. ஒரு ஏஜெண்ட் ஏமனில் வேலை என்கிறார். விசிட் விசாவில் ஓமன் போய், சலாலாவிலிருந்து வண்டியில் எல்லை தாண்டணுமாம், பாஸ்போர்ட்டில் முத்திரை விழாமல் தனித்தாளில் குத்துவார்களாம். தடை இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மாட்டினால் என்ன ஆகும்?

மேல்விஷாரம் பாய்:
தம்பி, தயவுசெய்து அனுப்பாதீங்க. 2017 செப்டம்பரிலேயே இந்தியர்கள் ஏமன் போகக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை போட்டது. மீறிப் போனால் பாஸ்போர்ட் ரத்து, குறைந்தது ஏழு வருடத்துக்கு வேறு கிடைக்காது. அப்புறம் துபாய், சவுதி என்று எந்த ஊருக்கும் போக முடியாமல் வீட்டில்தான் உட்காரணும். முத்திரை இல்லாவிட்டால் தெரியாது என்பது ஏஜெண்ட் பேச்சு. அங்கே பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? ஏமன் தலைநகர் சனாவில் நம் தூதரகம் 2015லேயே மூடியாச்சு. அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரள நர்ஸின் அம்மாவே, பெற்ற மகளைப் பார்க்க டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் 2023இல் அனுமதி வாங்கினார். பெற்றவளுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களை யோசியுங்கள்.

காட்பாடி_நர்ஸ்:
பாய் சொல்வது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சவுதி, குவைத், ஓமன் மாதிரி எமிகிரேஷன் கிளியரன்ஸ் (வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசு தரும் அனுமதி) கேட்கும் நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக, பத்தாவது பாஸானவர்களுக்குத் தரும், கிளியரன்ஸ் தேவையில்லாத பாஸ்போர்ட் இருந்தாலும் 2015 முதல் கிளியரன்ஸ் கட்டாயம். விசிட் விசாவில் போய் வேலை பார்த்தால் சம்பளம் வராவிட்டால்கூடக் கேட்க நாதியில்லை. பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாய்க்கு மேல் சர்வீஸ் கட்டணம் வாங்கக் கூடாது, மேலே ஜிஎஸ்டி மட்டும்தான். இவர் எவ்வளவு கேட்டார்?

குடியாத்தம்காரன்:
ஒன்றரை லட்சம். ரசீது கேட்டதுக்கு அப்புறம் தருகிறேன் என்றார்.

காட்பாடி_நர்ஸ்:
அப்படியென்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. பதிவு பெற்ற ஏஜெண்டுகள் பட்டியல் உள்ள மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா பாருங்க, இல்லாவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களை வளைகுடாவுக்கு எடுக்கிறது, தங்கச்சியை அங்கே பதிவு பண்ணச் சொல்லுங்க. கொஞ்சம் நாளாகும், பரவாயில்லை.