சால்வை தீர்ந்துபோன சாயங்காலம்: நாய்ப் போட்டிகளில் கைகொடுத்தவர்களின் அனுபவங்கள்

பள்ளத்தூர்க்காரி

மாசி மாதத்து ஞாயிறு, காரைக்குடிக்கு வெளியே செம்மண் பொட்டலில், நாய்கள் தடை தாண்டி ஓடும் போட்டி. போனவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு வேம்பைத் தவிர நிழல் கிடையாது. ஐந்தாவது தடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை விழுந்த கம்பை எடுத்து வைத்தேன், உயரம் மாற்றினேன், மறுபடி எடுத்து வைத்தேன்.

மாலையில் பொன்னாடை. சாப்பாட்டுக்குப் பிறகு வந்து அரை மணி நேரம் மைக் பிடித்தவருக்கு முதல் சால்வை. என்னை அழைத்தபோது சால்வை தீர்ந்துவிட்டது. நடத்தியவர் சிரித்துக்கொண்டே, முன்வரிசையில் ஒரு பிரமுகர் மடியில் வைத்திருந்த சால்வையை வாங்கி வந்து எனக்குப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். படியிறங்கியதும் பிரமுகரின் டிரைவர் வந்து நின்றார். "அம்மா, ஐயா அந்தச் சால்வையைக் கேட்கிறார்."

கொடுத்துவிட்டேன். மடித்துக் கொடுத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. எதற்காக அதை அவ்வளவு ஒழுங்காக மடித்தேன்?

சிப்பிப்பாறை வீட்டுக்காரன்

அக்கா, எனக்குச் சால்வை கிடைத்தது. வேண்டாம் என்றுதான் இருந்தது.

அதே பொட்டல், அதற்கு முந்தைய வருடம். நேரம் பார்க்கும் வேலை. "உங்கள் நாய் ஓடும்போது ஆள் மாற்றுகிறோம்" என்று சொல்லித்தான் ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்தார்கள். மாற்றுவதாகச் சொன்னவர் டீ குடிக்கப் போய்விட்டார். என் எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்கள். எழுந்து போனால் ஓடிக்கொண்டிருக்கும் நாயின் நேரம் போய்விடும். அது வேறொருவர் வளர்த்த நாய், அதன் நேரத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது வேம்படியில் கட்டியிருந்த என் நாய் குரைத்தது. அதற்குத் தன் எண் தெரியாது, என் முகத்தைப் பார்த்துக் குரைத்தது. "வரவில்லை" என்று எழுதினார்கள். நுழைவுக் கட்டணமும் திரும்பவில்லை.

ஆறு மாதம் பழக்கினேன், அக்கா. வரிசையாக நட்ட 12 கம்பங்களுக்கு இடையே ஒன்றுவிடாமல் வளைந்து வளைந்து வரும்.

தேவகோட்டை ஐயா

வருத்தம் புரிகிறது. ஆனாலும் தொண்டு என்று வந்துவிட்டுக் கூலிக் கணக்குப் பார்க்கலாமா? இந்த விளையாட்டே 1978-ல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில், குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து, கூட்டத்துக்கு வேடிக்கை காட்டத் தொடங்கியது. அன்று கம்பு எடுத்து வைத்தவர்கள் யார் என்று யாருக்காவது தெரியுமா? அவர்கள் சால்வை கேட்டார்களா? நம் ஊர்க் கும்பாபிஷேகத்தில் எத்தனை பேர் பந்தி பரிமாறுகிறார்கள்? நானே வைரவன்பட்டியில் பரிமாறியிருக்கிறேன். நாயை வாகனமாக வைத்திருக்கும் வைரவர் சந்நிதியில் யாரும் கூலி கேட்பதில்லை.

மேசைக்குப் பக்கத்து நாற்காலி

ஐயா, கோயிலையே எடுத்துக்கொள்வோம். பரிவட்டம் முதலில் யாருக்கு என்பதற்காக ஊரே இரண்டுபட்டு நிற்பதை நீங்கள் பார்த்ததே இல்லையா? கூலி கேட்கமாட்டார்கள், சரி. மரியாதையின் வரிசையை விட்டுக்கொடுப்பார்களா? கம்பு எடுத்து வைத்தவர் யாருக்கும் தெரியவில்லை என்கிறீர்களே, அக்காவின் குறையும் அதுதானே?

என் கதை சிறியது. நடுவரின் கைச்சைகையைப் பார்த்துத் தாளில் குறிக்கும் வேலை எனக்கு. விரித்த கை என்றால் தவறு, கம்பைத் தட்டிவிட்டது போல. மூடிய முட்டி என்றால் மறுப்பு, நாய் தாண்டாமல் தடைமுன் நின்றுவிட்டது. நாயைப் பார்க்கவே கூடாது. நாயைப் பார்க்கும் நொடியில் நடுவரின் கை ஏறி இறங்கிவிடும். அன்று 60 ஓட்டங்களுக்கு மேல் எழுதினேன். வீட்டுக்குப் போனதும் மகள் கேட்டாள்: "அப்பா, எந்த நாய் நன்றாக ஓடியது?" எனக்குத் தெரியவில்லை. முழு நாளும் வளையத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நாயையும் பார்க்கவில்லை. நடுவரின் கைக்கடிகாரம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கொட்டான் ஆச்சி

நான் ஒருமுறை நடத்தியிருக்கிறேன், திட்டுவதானால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள். யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று எழுதிய நோட்டை ஒரு லாப்ரடார் குட்டி தின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓலைக் கொட்டான், உள்ளே ஒரே அளவு சீப்புச் சீடை. காலையிலிருந்து நின்ற தம்பி ஒருவர் என் முன்னாலேயே எண்ணினார். "எட்டு மணி நேரம், எட்டுச் சீடை. கணக்கு சரிதான் ஆச்சி" என்றார். இன்றைக்கும் சீடை பிழியும்போது அந்தக் குரல்தான் கேட்கிறது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மணிக்கு ஒரு டோக்கன் கொடுங்கள். சாயங்காலத்துக்கு என்று வைக்காமல் அந்தந்த மணி முடிந்ததும் கையில் கொடுங்கள், நாய் தின்றாலும் அவரவர் நாய் தின்னட்டும். வெயிலில் கம்பு தூக்குகிறவருக்கு இரண்டு, பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று. பெரிய நாய்கள் முடிந்து சிறியவை தொடங்கும்போது எல்லாத் தடைகளையும் ஒரே மூச்சில் இறக்கவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் இடுப்பு ஒடிவது யாருக்கு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த டோக்கனை அடுத்த போட்டியின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாடுகளில் பல சங்கங்கள் இப்படிச் செய்கின்றன. ஆனால் நாயே இல்லாமல் உதவிக்கு வருகிறவருக்கு நுழைவுக் கட்டணச் சலுகை எதற்கு? அவருக்குப் பெட்ரோல் காசாகக் கொடுங்கள், பஸ்ஸில் வந்தவருக்கு டிக்கெட் காசு. குலுக்கல் பரிசு என்றால் மணிக்கு ஒரு சீட்டாவது போடுங்கள், இல்லாவிட்டால் மைக் பிடித்தவருக்குத்தான் மிக்ஸி விழும்.

சிப்பிப்பாறைத் தம்பிக்கு நடந்தது எங்கும் நடக்கக் கூடாது. பெரிய நாய் வைத்திருப்பவரைச் சிறிய நாய்கள் ஓடும்போது வேலைக்கு நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதிக்கு, டீ குடிக்கப் போகாத ஒரு மாற்றாள். சாப்பாடும் உதவியாளர்களுக்குத்தான் முதல் பந்தி. கடைசிப் பந்தியில் ரசம்தான் மிஞ்சும். இன்னொன்று, சம்பந்தமில்லாததுதான். அந்தச் செம்மண்ணில் 11 மணிக்குப் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

தேவகோட்டை ஐயா

மணிக்கு ஒரு டோக்கன் என்றால் அதற்குப் பெயர் சம்பளம். அதைத்தானே சொன்னேன்.

கொட்டான் ஆச்சி

அண்ணே, சம்பளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அடுத்த வருடமும் வருவார்.

கண்மாய்க்கரை

சால்வையும் டோக்கனும் பேசுகிறீர்கள். பக்கத்து ஊர்ப் பையன்கள் எட்டுப் பேரைத் தண்ணீர் தூக்கவும் கம்பு எடுக்கவும் அழைத்து வந்தது நான்தான். சாயங்காலம் அவர்களுக்குக் கிடைத்தது, ஆளுக்கு ஒரு நாய்த்தீனி சாம்பிள் பொட்டலம். விளம்பரத்துக்காக யாரோ இலவசமாகக் கொடுத்தது. ஒரு பையன் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது நமக்கா?" என்று கேட்டான். அதற்குள் தன் பொட்டலத்தைத் தின்றுமுடித்த இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் கேட்டவனிடம் ஒரு நாட்டு நாய் உண்டு, காலை முதல் வேலிக்கு வெளியே படுத்துக் கிடந்தது. அதற்குக் கொட்டிக் கொடுத்தான். பிறகு, "இது ஒரே ஒரு தடவை தாண்டட்டுமா?" என்றான். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசித் தடை மட்டும் நின்றது. நான் தலையாட்டினேன். நாய் ஓடி வந்து கம்புக்குக் கீழே புகுந்து போய்விட்டது. பையன் கம்பைத் தொட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான். காலையிலிருந்து செய்த வேலை, கைக்குப் பழகிவிட்டது.

என் பையில் 200 ரூபாய் இருந்தது. எட்டுப் பேருக்கு எப்படிப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டே கொடுக்காமல் வந்துவிட்டேன்.

பள்ளத்தூர்க்காரி

ஆளுக்கு 25 ரூபாய், தம்பி.

நேற்று போட்டி நடத்துகிறவர்களே போன் செய்தார்கள். இந்த வருடமும் வர முடியுமா என்று. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சால்வை வேண்டாம், வேம்புக்குப் பக்கத்துத் தடையைக் கொடுங்கள் என்றேன். "அது ஏற்கெனவே ஒருவருக்கு ஒதுக்கியாயிற்று" என்றார்கள். யாருக்கு என்று கேட்டேன். மைக் பிடித்தவருக்காம்.