பிரெஞ்சுக்காரங்களுக்கு இங்கிலீஷ் டேட்டிங் வார்த்தைகள், எதுல ஆரம்பிக்கலாம்?

இனியா_டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆன்லைன்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கறேன், இப்ப படிக்கறவங்கள்ல முக்காவாசி பேர் பிரெஞ்சுக்காரங்க, லியோன், நான்த் பக்கம், எல்லாரும் முப்பது வயசை ஒட்டினவங்க. ஆபீஸ் இங்கிலீஷ் நல்லாவே வருது, மெயில் எழுதறாங்க, மீட்டிங்ல தைரியமா பேசறாங்க. இதுல ரெண்டு மூணு பேர் வேலைக்காக டப்ளினுக்கும் லண்டனுக்கும் மாறப்போறாங்க, அவங்க வெளிப்படையாவே கேட்டுட்டாங்க, டேட்டிங் ஆப்ல பேசறதுக்கும் ஒருத்தரை நேர்ல பாத்துப் பழகறதுக்கும் வேண்டிய இங்கிலீஷ் சொல்லிக்குடுங்கன்னு. நியாயமான ஆசைதான், தெரியாத ஊர்ல தனியா இருக்கறவங்களுக்கு இது ஆபீஸ் இங்கிலீஷை விட முக்கியம்னு நான் நினைக்கறேன்.

என் கையில இருக்கற பாடப் புத்தகத்துல காதலர் தினம், மோதிரம், பூங்கொத்து, அதோட சரி. நெட்ல தேடினா கோஸ்டிங் (சொல்லாம கொள்ளாம பேச்சை நிறுத்திடறது), பிரெட்கிரம்பிங் (அப்பப்ப ஒரு மெசேஜ் போட்டு ஆசை காட்டறது), பெஞ்சிங் (ஒருத்தரை காத்திருக்க வெக்கறது)னு ஸ்லாங்கா கொட்டுது. ஒரு ஸ்டூடண்ட் தன்னோட ப்ரொஃபைலை திருத்தச் சொல்லி அனுப்பியிருக்கார், அதுல "ஐ ஆம் செலிபேட் அண்ட் வெரி சென்சிபிள், ஈவென்சுவலி வி கேன் மீட்"னு இருக்கு. அவர் என்ன சொல்ல வர்றார்னு எனக்குப் புரியுது, டப்ளின்ல அதைப் படிக்கப்போற பொண்ணுக்குப் புரியாதே. பிரெஞ்சு தெரிஞ்சவங்க, அங்கயே இருக்கறவங்க யாராவது எதுல ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்களேன்.

—

வாசு_மொழி:

டீச்சர், வேற எங்கயும் தேடாதீங்க, அந்த ப்ரொஃபைலையே முதல் பாடமா வைங்க. அந்த ஒரு வரியில மூணு இடத்துல பிரெஞ்சு உள்ள உக்காந்திருக்கு. பிரெஞ்சுல "செலிபத்தேர்"னா ஜோடி இல்லாதவர், கல்யாணம் ஆகாதவர், அவ்வளவுதான், இங்கிலீஷ்ல அதுக்கு "சிங்கிள்". "செலிபேட்"னு போட்டா பிரம்மச்சரியம் காக்கறவர்னு அர்த்தம் ஆயிடும், டேட்டிங் ஆப்ல வந்து அதைச் சொன்னா எதிராளி என்ன நினைப்பாங்க. பிரெஞ்சு "சான்சிப்ல்" மனசு இளகினவர், சட்டுனு நெகிழ்ந்துபோறவர், அது இங்கிலீஷ்ல "சென்சிடிவ்". "சென்சிபிள்"னா நிதானமா யோசிச்சு நடக்கறவர், அது வேற ஆள். "எவாந்துவெல்மான்"னா முடிஞ்சா, தோதுப்பட்டா பாக்கலாம்ங்கற மாதிரி, ஆனா "ஈவென்சுவலி"னா கடைசியில எப்பவோ ஒரு நாள்னு ஆயிடும், அதைப் படிக்கற பொண்ணு இவருக்கு பெரிய ஆர்வம் ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிடுவா. "மேபி வி குட் மீட்"னு மாத்திக் குடுங்க போதும்.

அப்புறம் "ராந்தேவூ". பல் டாக்டரைப் பாக்கறதும் ராந்தேவூ, பேங்க் மேனேஜரைப் பாக்கறதும் ராந்தேவூ, மனசுக்குப் பிடிச்சவங்களைப் பாக்கறதும் ராந்தேவூ. அதனால "ஐ ஹேவ் எ டேட் வித் மை டென்டிஸ்ட்"னு ஒருத்தர் சொல்வார், இன்னொருத்தர் ஆசையா பாக்கப்போற பொண்ணைப் பத்தி "ஐ ஹேவ் எ மீட்டிங்"னு சொல்வார். டாக்டர், பார்லர், வக்கீல்னா "அப்பாயின்ட்மென்ட்", ஆபீஸ்னா "மீட்டிங்", காதல் சமாச்சாரம்னா "டேட்", சும்மா ஃப்ரெண்டைப் பாக்கப்போனா "மீட்டிங் அ ஃப்ரெண்ட்". இந்த நாலையும் வாயில வர்ற வரைக்கும் சொல்ல வைங்க.

டேட் முடிஞ்சு வந்து மெசேஜ் போடும்போது இன்னொரு ஆபத்து இருக்கு. பிரெஞ்சுல "தெசு"னா ஏமாற்றமா இருந்துச்சு, அவ்வளவுதான். அதை அப்படியே "ஐ வாஸ் டிசீவ்ட்"னு எழுதிட்டா எதிராளி தன்னை ஏமாத்திட்டாங்கன்னு பழி போடற மாதிரி ஆயிடும். "டிஸப்பாயின்டட்" சொல்லிக்குடுங்க.

இன்னொண்ணு, இதுல கூச்சமே படக்கூடாது. பிரெஞ்சு "ப்ரெசெர்வத்தீஃப்"தான் இங்கிலீஷ்ல "காண்டம்". இங்கிலீஷ் "பிரிசர்வேட்டிவ்"னா சாப்பாடு கெடாம இருக்கப் போடற பொருள். மருந்துக்கடையில ராத்திரி நேரத்துல நின்னுட்டு இதை விளக்கிட்டு இருக்க முடியாது, உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் வேற, முதல் வகுப்புலயே சொல்லிடுங்க.

டிரெஸ் வார்த்தையும் ரெண்டு மூணு மாட்டும். "ரோப்"னா அவங்களுக்கு கவுன், இங்கிலீஷ்ல குளிச்சுட்டு மேல போத்திக்கறது. "கோஸ்த்யூம்"னா கோட்டு சூட்டு, இங்கிலீஷ்ல மாறுவேஷம். "ஸ்மோக்கிங்"னா பார்ட்டிக்குப் போடற கறுப்பு கோட்டு, அந்த அர்த்தத்துல இங்கிலீஷ்காரங்க சொல்றதே இல்ல, அவங்க "டின்னர் ஜாக்கெட்"ம்பாங்க.

—

இனியா_டீச்சர்:

ரொம்ப நன்றி வாசு சார். ஒரு சந்தேகம், இவங்க யாருமே "எக்ஸைட்டட்"னு சொல்ல மாட்டேங்கறாங்க, எவ்வளவு சொன்னாலும் தயங்கறாங்க, ஏன்?

—

வாசு_மொழி:

பிரெஞ்சுல "எக்ஸித்தே"ன்னு ஒருத்தரைப் பாத்து சொன்னா உடம்பு ஆசைங்கற அர்த்தம் வந்துடும், அதான் தயக்கம். அதுக்குப் பதிலா "ஐ ஆம் இம்பேஷன்ட் டு சீ யூ"ம்பாங்க, அது இங்கிலீஷ் காதுக்கு பொறுமை இல்லாம எரிச்சல்ல இருக்கற மாதிரி கேக்கும். "ஐ ஆம் எக்ஸைட்டட் டு சீ யூ"ல தப்பா ஒண்ணும் இல்லன்னு தைரியம் சொல்லுங்க, அப்பவும் வரலன்னா "லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்" இருக்கவே இருக்கு.

—

பாரிஸ்_தயா:

வணக்கம் தங்கச்சி, நான் பாரிஸ்ல கன வருஷமா இருக்கிறன், பிரெஞ்சு ஆக்களோடதான் வேலை. வாசு அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனா சொல்லுகளுக்கு முன்னால இன்னொண்டு விளங்கப்படுத்த வேணும். இஞ்ச பழைய முறையில "டேட்டிங்" எண்டு தனியா ஒரு கட்டம் பெரும்பாலும் இல்லை. கூட்டாளியளோட வெளியில போவினம், கதைப்பினம், ரெண்டு பேருக்குப் பிடிச்சு ஒருநாள் வாயில கொஞ்சினா, அதோட அவை சோடி எண்டுதான் கன பேர் எடுப்பினம். ஒருத்தரும் இருந்து பேசி முடிவெடுக்கிறேல்லை. இங்கிலீஷ்காரர், அதைவிட அமெரிக்கர், அப்பிடி இல்லை. "வி ஆர் டாக்கிங்", "வி ஆர் சீயிங் ஈச் அதர்", "வி ஆர் டேட்டிங்", "வி ஆர் எக்ஸ்க்ளூசிவ்" எண்டு படிப்படியாப் போகும், "எக்ஸ்க்ளூசிவ்" எண்டு வாய் திறந்து சொல்லுற வரைக்கும் மற்றவர் வேற ஆக்களையும் சந்திச்சுக்கொண்டு இருக்கலாம், அது துரோகம் எண்டு அங்க எடுக்கமாட்டினம். இது தெரியாமல் போற பிரெஞ்சுப் பிள்ளை மனம் உடைஞ்சு போகும், அதனால "ஆர் வி எக்ஸ்க்ளூசிவ்?" எண்ட கேள்வியை எப்பிடி, எப்ப கேக்கிறது எண்டு கட்டாயம் சொல்லிக்குடுங்கோ.

பிறகு "லா பீஸ்". கன்னத்தோட கன்னம் வைச்சு வணக்கம் சொல்லுறது. அதை "வி கிஸ்ட்" எண்டு சொன்னால் லண்டன்ல கேக்கிறவைக்கு வேற விளக்கம். "வி சேட் ஹலோ" போதும், இல்லாட்டி "எ கிஸ் ஆன் த சீக்" எண்டு முழுசாச் சொல்ல வேணும்.

"த்யூ ம மாங்க்" எண்டுறதையும் கவனியுங்கோ. சொல்லுக்குச் சொல் மாத்தினால் "யூ மிஸ் மீ" எண்டு வரும், சொல்ல வந்ததுக்கு நேரெதிர். பிரெஞ்சுல தவிக்கிறவர் எழுவாயா நிக்கிறேல்லை, இங்கிலீஷ்ல அவர்தான் முன்னால வர வேணும், "ஐ மிஸ் யூ". "த்யூ ம ப்ளே"யும் அதே மாதிரித்தான், "யூ ப்ளீஸ் மீ" எண்டு எழுதுவினம், "ஐ லைக் யூ" எண்டு திருத்துங்கோ. எங்கட தமிழிலயும் "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" எண்டு "எனக்கு"தானே முன்னுக்கு வருது, அதால உங்களுக்கு அவையின்ர சிக்கல் கெதியா விளங்கும்.

"ஜ தேம்" எண்டால் காதல். "ஜ தேம் பியான்" எண்டால் பிடிக்கும், அவ்வளவுதான். பின்னால "பியான்" சேர்த்தால் கூடுறேல்லை, குறையுது. பிரெஞ்சுல "எமே" எண்ட ஒரே வினைதான் லைக், லவ் ரெண்டுக்கும். ரெண்டாவது சந்திப்பிலயே "ஐ லவ் யூ" எண்டு எழுதிவிட்டால் மற்ற ஆள் பயந்து போயிடும், அதனால "ஐ லைக் யூ", "ஐ ரியலி லைக் யூ", "ஐ ஆம் ஃபாலிங் ஃபார் யூ", பிறகுதான் "ஐ லவ் யூ" எண்டு ஒழுங்கு காட்டுங்கோ.

—

மான்ட்ரியல்_செல்வி:

பிரெஞ்சுக்காரங்கன்னா பிரான்ஸ் மட்டும் இல்லயே, கனடாவோட கியூபெக் மாகாணத்து ஸ்டூடண்ட் வந்தா கதை மாறும். இங்க காதலனை "சம்"னும் காதலியை "ப்ளோந்த்"னும் சொல்வாங்க, முடி கறுப்பா இருந்தாலும் ப்ளோந்த்தான். கியூபெக் பொண்ணு "மை சம்"னு சொன்னா இங்கிலீஷ்காரங்க வெறும் ஃப்ரெண்டுன்னு எடுத்துப்பாங்க, "பாய்ஃப்ரெண்ட்" சொல்லிக்குடுக்கணும். பிரான்ஸ்ல "டேட்"டை ஆண்பாலா சொல்வாங்க, இங்க பெண்பால். நீங்க பிரெஞ்சு உதாரணம் போடும்போது எந்த ஊர் ஸ்டூடண்ட்னு பாத்துப் போடுங்க டீச்சர், இல்லன்னா அவங்க அந்நியமா உணர்வாங்க.

இன்னொரு விஷயம், பிரான்ஸ்ல 1999ல வந்த "பாக்ஸ்" ஒப்பந்தம் இருக்கு, கல்யாணம் பண்ணாமலே சட்டப்படி சேர்ந்து வாழ பதிவு பண்ணிக்கறது. ஒருத்தர் "ஐ வாஸ் பாக்ஸ்ட்"னா டப்ளின்ல யாருக்கும் புரியாது. "ஐ வாஸ் இன் எ சிவில் பார்ட்னர்ஷிப்"னு சொல்லணும், பழைய உறவைப் பத்தி நேர்மையா சொல்லும்போது இது வேணும்.

—

நிரஞ்சன்_87:

ஸ்லாங்கை ஒரேயடியா ஒதுக்காதீங்க, ஆப்ல பாதி பேச்சு அதுலதான் நடக்குது, "ரிஸ்" (ஒருத்தரைக் கவர்ற திறமை) 2023ல ஆக்ஸ்ஃபோர்டோட அந்த வருஷத்துக்கான வார்த்தையா வந்துச்சு, "சிச்சுவேஷன்ஷிப்"பும் (இன்னதுன்னு பேர் வெக்காத உறவு) அதே வருஷத்து இறுதிப் பட்டியல்ல இருந்துச்சு, இதெல்லாம் தெரியாம போனா எதிராளி எழுதறது எதுவும் புரியாது. தன்னோட பேச்சுல போடாட்டியும் படிச்சா புரியணும் இல்லயா.

—

வாசு_மொழி:

புரியணும்ங்கறது சரி நிரஞ்சன், ஆனா அதுல முக்காவாசி அவங்களுக்கு ஏற்கனவே தெரியும்பா. "கோஸ்தே", "மாட்ச்சே", "ஸ்வைப்பே"ன்னு வினைச்சொல்லாவே மாத்திட்டாங்க, "மோன் க்ரஷ்"னு சொல்றாங்க. மீட்டிக் மாதிரி டேட்டிங் சைட் பிரான்ஸ்ல 2001லயே வந்தாச்சு. மாட்டிக்கறது இங்கிலீஷ் மாதிரி இருக்கற, ஆனா பிரான்ஸ்லயே உருவான வார்த்தைகள்லதான். "செக்ஸ் ஃப்ரெண்ட்"ம்பாங்க, இங்கிலீஷ்ல "ஃப்ரெண்ட்ஸ் வித் பெனிஃபிட்ஸ்". "ரிலுக்கிங்"ம்பாங்க, அது "மேக்ஓவர்". "அன் ஸ்லோ"ன்னா கட்டிப்பிடிச்சு ஆடற "ஸ்லோ டான்ஸ்". இங்கிலீஷ்தானேன்னு நம்பி சொல்லிடுவாங்க, அதனால இதைத்தான் முதல்ல பிடிக்கணும்.

நிஜமான கஷ்டம் ரெண்டு சொல் சேர்ந்து வர்ற வினையில. பிரெஞ்சுல அந்த அமைப்பு கிடையாது. "ஆஸ்க் அவுட்", "டர்ன் டவுன்", "பிரேக் அப்", "மேக் அப்", "மேக் அவுட்", "ஹுக் அப்", "லீட் ஆன்", எல்லாம் சின்னச் சின்ன சொல், பின்னாடி வர்ற ஒட்டு மாறினா வாழ்க்கையே மாறிடும். "வி மேட் அப்"னா சண்டை தீர்ந்துச்சு, "வி மேட் அவுட்"னா முத்தம் குடுத்துக்கிட்டோம்னு அர்த்தம். இதைத் தனியா மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, அவங்க மரபுத்தொடரோட சேத்துக் குடுங்க. வர்றேன்னு சொல்லிட்டு வராம விட்டா பிரெஞ்சுல "முயலை வெச்சுட்டான்"ம்பாங்க, இங்கிலீஷ்ல "ஹி ஸ்டுட் மீ அப்". கேட்டு மறுப்பு வாங்கினா அங்க "இலை வாரற ரேக்கை வாங்கினேன்", இங்க "ஷி டர்ன்ட் மீ டவுன்". ஜோடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு மெழுகுவத்தி பிடிக்கறவர் அங்க, இங்கிலீஷ்ல "தேர்ட் வீல்", நமக்கு சிவபூஜைல கரடி. அவங்க மொழியில அந்தச் சூழ்நிலை மனசுல இருக்கறதால ஒட்டு சீக்கிரம் ஒட்டிக்கும்.

—

பாரிஸ்_தயா:

நிரஞ்சன் தம்பி, ஸ்லாங் ரெண்டு வருஷத்துல பழசாகும். "இல்லை" எண்டு சொல்லுற இங்கிலீஷ் பழசாகாது. அதை ஒருத்தரும் சொல்லிக்குடுக்கிறேல்லை. "ஐ ஹேட் எ லவ்லி டைம், பட் ஐ டோன்ட் திங்க் வி ஆர் எ மேட்ச்", "ஐ ஆம் நாட் கம்ஃபர்டபிள் வித் தட்", "கேன் வி ஸ்லோ டவுன்?", "ஐ வுட் லைக் டு கோ ஹோம் நௌ". தனியாப் போற பிள்ளையளுக்கு இது நித்திரையில கேட்டாலும் வாயில வர வேணும். பிரிட்டிஷ்காரர் "வி ஷுட் டூ திஸ் அகெய்ன் சம்டைம்" எண்டு சொன்னால் அது கன நேரம் மரியாதைக்குத்தான், நாள் குறிச்சால்தான் நம்பலாம் எண்டும் சொல்லுங்கோ.

—

இனியா_டீச்சர்:

தயா அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்ல, "இல்லை" சொல்றதுக்கு ஒரு முழு வகுப்பு வெக்கறேன். கடைசியா ஒண்ணு, உச்சரிப்புல எதைக் கவனிக்கணும்? நேரம் கம்மி, எல்லாத்தையும் திருத்த முடியாது.

—

வாசு_மொழி:

ரெண்டே ரெண்டு. ஒண்ணு, குறில் நெடில். பிரெஞ்சுல "லிவ்", "லீவ்" ரெண்டும் ஒரே இகரம்தான், நாம "இ"க்கும் "ஈ"க்கும் நடுவுல கேக்கற வித்தியாசம் அவங்க காதுல தங்காது. "ஐ வாண்ட் டு லிவ் வித் யூ"னு சொல்ல வந்து "லீவ்"னு சொன்னா சேர்ந்து வாழறது கிளம்பிப்போறதா ஆயிடும். ரெண்டையும் வாக்கியத்துல வெச்சு மாத்தி மாத்தி சொல்ல வைங்க, நெடிலுக்கு உதட்டை நல்லா இழுக்கச் சொல்லுங்க, குறிலுக்கு வாயைத் தளர்த்திட்டு சுருக்கமா விடச் சொல்லுங்க, நீளத்தை மட்டும் திருத்தினா போதாது, வாயோட வடிவமும் மாறணும்.

ரெண்டாவது "ஹ". பிரெஞ்சுல அந்த ஒலியே கிடையாது. "ஹேட்" "எயிட்"டாயிடும், "ஹங்ரி" "ஆங்ரி" பக்கம் போயிடும். டேட்ல உக்காந்து "ஐ ஆம் ஆங்ரி"ன்னா எதிர்ல இருக்கறவங்க தான் என்ன தப்பு பண்ணோம்னு யோசிப்பாங்க, பாவம் இவருக்குப் பசி. கண்ணாடி மேல ஊதினா பனி படியற மாதிரி மூச்சு விட்டுட்டு அப்புறம் உயிரெழுத்தைச் சொல்லச் சொல்லுங்க, ஒரு வாரத்துல வந்துடும். சில பேர் பயத்துல ஹ இல்லாத இடத்துலயும் போடுவாங்க, "ஹை ஹாம் ஹேப்பி"ன்னு, அப்ப "ஐ ஆம்"ஐ மட்டும் தனியா எடுத்து பழக்குங்க.