அப்பாவின் கண்ணில் நார் அறுந்திருக்கிறதாம், புரை அறுவை செய்யலாமா?

சந்தூர் தோப்புக்காரன்:
அப்பாவுக்கு வயது 68, வலது கண்ணில் புரை. கிருஷ்ணகிரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், "வில்லையை, அதாவது கண்ணின் லென்ஸைத் தாங்கும் நார்கள் ஒரு பக்கம் அறுந்திருக்கின்றன. எப்போதாவது அடிபட்டதா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சாதித்தார் அப்பா. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான், பல ஆண்டுகளுக்கு முன் மாங்காய் பறிக்கையில் துறட்டி நழுவிக் கண்ணில் விழுந்த கதையைச் சொல்கிறார்! அது என்ன நார்? இனி அறுவை செய்யலாமா?

தருமபுரி செவிலி (ஓய்வு):
தம்பி, முதலில் அந்தத் துறட்டிக் கதையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இருபது ஆண்டுகள் கண் அறுவை அரங்கில் நின்றவள் நான். அடிபட்டதை மறைக்கும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கருவிழிக்குப் பின்னால் வில்லை அந்தரத்தில் தொங்குகிறது. அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை. தசையை மூடிய படலத்திலிருந்து புறப்படும் மெல்லிய நார்கள் வில்லை உறையின் விளிம்பைப் பிடித்திருக்கின்றன. ஃபைப்ரில்லின் என்ற புரதமே அவற்றின் முக்கியச் சரக்கு. 1755-இல் இவற்றை விவரித்த ஜெர்மானியர் சின் என்பவரின் பெயரால் 'சின் நார்கள்' என்பார்கள்.

தசை இறுகினால் நாரும் இறுகும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. சுருக்குப்பையின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். தசை சுருங்கினால் வளையம் சிறிதாகி வில்லையை நெருங்கும், நார்கள் தளரும், வில்லை உப்பும். அருகில் இருப்பது தெளியும். தசை ஓய்ந்தால் நார்கள் இழுக்க, வில்லை தட்டையாகும். அப்போது தூரத்து மலை தெரியும். நாற்பதுக்கு மேல் எழுத்து மங்குவதற்கு நாரைத் திட்டாதீர்கள், வில்லை விறைப்பதுதான் முக்கியக் காரணம்.

அறுவையில் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, உறையைப் பையாக விட்டுவைத்து, அதற்குள்தான் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். அந்தப் பையும் இதே நார்களில்தான் தொங்குகிறது. கொஞ்சம் அறுந்திருந்தால் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து இழுவிசையைச் சமமாக்குவார்கள். நிறையப் போயிருந்தால் லென்ஸை வெள்விழியோடு பொருத்தும் முறைகள் உண்டு. செய்யலாம், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'எல்லாம் சாதாரணப் புரைதானே' என்று அவசரப்படுத்தாதீர்கள்.

பென்னாகரம் வாசகர்:
அடிபடாமலும் இப்படி ஆகுமா? என் சித்தி மகனுக்கு வயது 14, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறான், விரல்களும் நீளம். வில்லை மேல்பக்கமாக நகர்ந்திருக்கிறது என்கிறார்கள்.

தருமபுரி செவிலி (ஓய்வு):
ஆகும். மார்ஃபான் என்ற பரம்பரை நோயில், நாரின் சரக்கான அந்த ஃபைப்ரில்லின் புரதத்தின் மரபணுவே பழுது. வில்லை பெரும்பாலும் மேல்நோக்கித்தான் நகரும். பையன் விஷயத்தில் கண்ணோடு நிற்காதீர்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் வீங்கக்கூடும், எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தூர் தோப்புக்காரன்:
நன்றி அம்மா. இன்று போய்ச் சொல்லிவிட்டோம். வளையத்தைத் தயாராக வைத்துக்கொண்டு செய்யலாம் என்றார் மருத்துவர். துறட்டியைப் பிடித்திருந்தது நான்தான் என்பதை அப்பா அங்கே சொல்லவில்லை.