தனியே கிடக்கும் குட்டியைத் தூக்குவதா, விடுவதா?

செம்பனைக்காட்டான் (சுங்கை சிப்புட்):
ஸ்காட்லாந்தில் படிக்கும் என் தங்கை நேற்றுப் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளை ரோமம் மாறாத, ‘சாம்பல் சீல்’ என்னும் கடல் விலங்கின் குட்டியொன்று கடற்கரையில் ஒற்றையாகக் கிடக்க, ஊரார் சுற்றிலும் கயிறு கட்டிவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். கத்துகிற குட்டிக்கு ஒரு வாய்ப் பால் புகட்டாமல் வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

பழைய கிராணி:
தம்பி, அது அனாதை என்று யார் சொன்னது? தாய் கடலில் இருக்கலாம்; ஆள் கூடி நின்றால் கரையேறத் தயங்கும். சாம்பல் சீல் பாலூட்டுவதே ஏறக்குறைய மூன்று வாரந்தான். பிறக்கும்போது 14 கிலோ அளவில் இருக்கும் குட்டி அதற்குள் மும்மடங்காகிவிடும். பிறகு தாய் ஒரேயடியாகப் போய்விடும். அந்தத் தாய்ப்பாலில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால் மாட்டுப்பால் அதற்கு ஆகாது. நான் வேலையில் இருந்த காலத்தில், அடுக்கிய மட்டைகளுக்கிடையே கிடைத்த காட்டுப்பூனைக் குட்டிக்கு லயத்துப் பிள்ளைகள் டின் பாலைக் கரைத்துத் துணித்திரியில் நனைத்து ஊட்டினார்கள். மூன்றாம் நாள் காலை அது அட்டைப்பெட்டிக்குள் வயிறு உப்பி விறைத்துக் கிடந்தது. முதல் இரவு முழுக்கத் தாய்ப்பூனை லயத்தைச் சுற்றிக் கத்தியதை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை.

மாட்டு வைத்தியர் மகள்:
தனித்த குட்டி வேறு, அடிபட்ட குட்டி வேறு, ஐயா. கொழுத்த குட்டிக்குக் கழுத்தே தெரியாது. கழுத்து தெரிந்தால் பட்டினி என்று பொருள். வலை நூல் இறுகிச் சதைக்குள் புதைந்திருந்தாலோ, மூச்சு இரைந்தாலோ பயிற்சி பெற்றவர்கள் தூக்கத்தான் வேண்டும். அவர்களும் எடுத்த எடுப்பில் பால் கொடுப்பதில்லை. குழாய் வழியாக உப்புநீர்க் கரைசல், அடுத்து மீன் கூழ், பின்னர் முழு மீன் என்று படிப்படியாகத் தேற்றிக் கடலில் விடுகிறார்கள்.

செம்பனைக்காட்டான்:
பால் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெதர்லாந்தில் 2020-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குட்டியை எடுப்பதற்கு முன் 24 மணி நேரம் வரைகூடக் கவனித்துக் காத்திருப்பார்களாம். நம் தோட்டத்து நாய்கள் அத்தனை நேரம் பொறுக்குமா? தவிர, அந்த வலையைக் கடலில் விட்டவர்கள் மனிதர்கள்தானே?

பழைய கிராணி:
வலை நம்முடையதுதான், மறுக்கவில்லை. அதனால்தான் அடிபட்டதைத் தூக்கச் சொல்கிறோம். நாயைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் தங்கை அனுப்பிய படத்தை இன்னொரு முறை பாருங்கள், தம்பி. அந்தக் கயிறு குட்டியை அடைக்கக் கட்டியதன்று. நாயையும் நம்மைப் போன்றவர்களையும் தள்ளி நிறுத்தக் கட்டியது.