ரியோ இலைத் தோல்: உப்புக் கரைசல் விடுமுன்பே செல் சுருங்குகிறது. போர் தண்ணீர்தான் காரணமா?

கேள்வி (ராணிப்பேட்டை):
பிளஸ் ஒன் செய்முறைக்கு பிளாஸ்மோலைசிஸ் (உப்புக் கரைசலில் செல்லின் நீர் வெளியேறி, சவ்வு சுருங்கிச் சுவரை விட்டு விலகுவது) செய்து பார்க்கிறோம். ரியோ இலையின் ஊதாப் பக்கத் தோலை உரித்து, வெங்காயத் தோலுக்குச் செய்கிற மாதிரியே வைத்தோம்: ஒரு சொட்டு போர் தண்ணீர், மேலே ஒரு சொட்டு கிளிசரின், கவர் ஸ்லிப். உப்பு இன்னும் தொடவே இல்லை, அதற்குள் ஊதா நிறம் செல்லின் நடுவே உருண்டு நிற்கிறது. பிறகு 10% உப்புக் கரைசல் விட்டு, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட்டால் பழைய நிலைக்கு வரவும் இல்லை. பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும், மீட்டரில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 1,800 மி.கி. கேன் தண்ணீருக்கு மாறினால் சரியாகுமா?

மறுமொழி 1:
தண்ணீர் மேல் பழி வேண்டாம் சார். 1,800 என்றால் லிட்டருக்கு 1.8 கிராம், அதாவது 0.18%. அத்தனையும் சோற்று உப்பு என்றே வைத்தாலும் சவ்வூடுபரவல் அழுத்தம் (கரைசல் சவ்வு வழியே நீரை இழுக்கும் வலு) சுமார் ஒன்றரை வளிமண்டலம்தான். ரியோவின் செல்சாறு அதைவிடச் சில மடங்கு செறிவு. செல் சற்றுத் தளரலாம், சவ்வு சுவரை விட்டு விலகாது.

வேலையைக் காட்டியது கிளிசரின். சுத்தக் கிளிசரினில் லிட்டருக்கு 13 மோலுக்கு மேல் இருக்கிறது. எந்தச் செல்லும் அதன் முன் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. வெங்காயத் தோலுக்கு அது விடுவது ஸ்லைடு காயாமல் இருக்க. அங்கே நாம் பார்ப்பது சாயமேறிய சுவரும் உட்கருவும். செல் உயிரோடிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இங்கே உயிருள்ள சவ்வு இல்லாவிட்டால் சோதனையே இல்லை. சாஃப்ரனின் சாயமும் வேண்டாம், ஊதா நிறமே போதும்.

மறுமொழி 2:
மீளாததற்கு இரண்டு காரணம். 10% உப்பு அழுத்தம் 80 வளிமண்டலத்தை ஒட்டி வரும். அதில் கால் மணி நேரம் கிடந்தால் சவ்வு கிழிந்து செல் செத்துவிடும். ஊதா வெளியே கசிந்து செல் வெளிறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இரண்டாவது, ஓரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கவர் ஸ்லிப்புக்கு அடியில் இருக்கும் உப்பு போய்விடாது.

3% போதும்: 3 கிராம் உப்பைக் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். சர்க்கரை என்றால் 17.1 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் 0.5 மோலார்; சற்று மெதுவாக நடக்கும், ஆனால் செல் தாங்கும்.

இலையைச் சாய்வாகக் கிழித்து, ஓரத்தில் நிற்கும் மெல்லிய தோலில் 5 மி.மீ. துண்டை நேரே தண்ணீரில் போடுங்கள். வேலூர் வெயிலில் மேசை மேல் ஒரு நிமிடம் கிடந்தாலே காய்ந்து சுருண்டுவிடும். தண்ணீரிலேயே மூடி, 10x ஆப்ஜெக்டிவில் நிறம் செல் முழுக்க நிரம்பியிருப்பதைப் பார்த்த பிறகே உப்பு. கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் பிளாட்டிங் பேப்பர் வைத்து இழுங்கள். சில நிமிடங்களில் மூலைகளிலிருந்து விலகத் தொடங்கும். கண்ணால் பார்த்ததும் காத்திருக்காமல் தண்ணீரை இதே மாதிரி நான்கைந்து முறை இழுத்துவிடுங்கள். உப்புக்கு ஒரு ஃபில்லர், தண்ணீருக்கு வேறு ஃபில்லர்.

கேள்வி கேட்டவர்:
கிளிசரின் இல்லாமல் செய்தோம், அதே போர் தண்ணீரில். நிறம் சுவர் வரை நிரம்பியிருக்கிறது. 3% விட்டதும் விலகியது, திரும்பவும் வந்தது. நடுநடுவே ஊதாவே இல்லாத சின்னச் செல்கள் இருக்கின்றனவே, அவை செத்தவையா?

மறுமொழி 1:
இரண்டிரண்டாக, உள்ளே பச்சை மணிகளோடு இருந்தால் அவை இலைத்துளையின் காப்புச் செல்கள். பச்சை மணிகள் பசுங்கணிகங்கள். செத்தவை அல்ல. படம் வரையும்போது விட்டுவிடாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி: விலகிய சவ்வுக்கும் சுவருக்கும் நடுவே என்ன இருக்கிறது? பிள்ளைகள் பாதிப் பேர் "காற்று" என்பார்கள். உப்புக் கரைசல்தான், செல்சுவர் அதைத் தடுப்பதில்லை.

மறுமொழி 2:
ஒன்று விட்டுப்போச்சு. 40x லென்ஸ் கவர் ஸ்லிப்புக்கு அரை மி.மீ. அருகில் வரும், உப்பு நீர் நுனியில் ஒட்டும். லென்ஸ் பேப்பரை பேட்டரி தண்ணீரில் நனைத்துத் துடைத்து, உலர்ந்த பேப்பரால் ஒற்றி எடுங்கள். இதற்கு மட்டும் போர் தண்ணீர் ஆகாது, காய்ந்ததும் வெள்ளைப் படலம் விழும்.