தீக்காயம்: சொந்தத் தோல் செல்லால் தழும்பில்லாமல் ஆறியதா? அனுபவம் சொல்லுங்கள்

கோவை அம்மா
நாலு வயசில் என் மகள் மேல் கொதிக்கிற ரசம் கொட்டிவிட்டது. தோளில் ஆழமான புண். தோல் ஒட்ட வேண்டும் என்ற சர்ஜன், அதைத் தொடையில் எடுக்கவில்லை. தலையை மொட்டையடித்து, வெங்காயச் சருகு போல மெல்லிசாகச் சீவி எடுத்தார். இரண்டு வாரத்துக்குள் தலை ஆறிவிட்டது. முடி வளர்ந்த பிறகு எங்கே எடுத்தார்கள் என்று தேடினாலும் தெரியவில்லை. தோளில் மட்டும் தழும்பு தடித்து நிற்கிறது. ஒரே குழந்தைக்கு ஏன் இப்படி என்று கேட்டேன். "மயிர்க்காலில் ஸ்டெம் செல், அதாவது புது செல்களை உண்டாக்கும் மூல செல், இருக்கும்மா. மேலாகச் சீவினால் அதிலிருந்து தோல் திரும்ப வளர்ந்துவிடும். தோளில் சூடு மயிர்க்கால் வரைக்கும் இறங்கிடுச்சு" என்றார்.

பெர்த் நர்ஸ்
அம்மா, உங்கள் டாக்டர் சொன்னதுதான் அடிப்படை. இங்கே ஆஸ்திரேலியாவில் டாக்டர் ஃபியோனா வுட் கொண்டுவந்த ஸ்ப்ரே முறை இருக்கிறது. நோயாளியின் தோலில் சின்னத் துண்டை எடுத்து, செல்களைத் தளர்த்தும் என்சைமில் ஊறவைத்து, கத்தியால் சுரண்டி, செல்களைப் பிரித்துப் புண்மேல் தெளிப்பார்கள். எல்லாம் அரை மணி நேரம்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் தோல் 80 சதுர சென்டிமீட்டர் புண் வரை போதும். 2002 பாலி குண்டுவெடிப்பில் காயம்பட்ட 28 பேருக்கு ராயல் பெர்த் மருத்துவமனையில் அவர் குழுதான் சிகிச்சை அளித்தது. இந்த ஸ்ப்ரே முறையை 2018இல் அமெரிக்காவும் அனுமதித்தது.

தெளித்ததும் கண்ணுக்கு எதுவுமே தெரியாது, ஈரம் மட்டும்தான். கட்டுப் பிரிக்கும் அன்று இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் பளபளக்கும். நிறம் தரும் செல்லும் கலந்திருப்பதால் பிறகு பக்கத்துத் தோலோடு நிறமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் முழு ஆழத்துக்கு வெந்த இடத்தில் ஸ்ப்ரே மட்டும் போதாது. வலைபோல் விரித்த ஒட்டுத்தோலும் வேண்டும், கொஞ்சம் தழும்பும் வரும்.

சேலம் அண்ணன்
என் தங்கையின் பழைய தழும்புக்கு ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்டார்கள். எந்த செல், உடம்பில் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் ஆய்வு நிலையில்தான். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. தயவுசெய்து யாரும் ஏமாற வேண்டாம்.

கோவை அம்மா
ரெண்டு பேருக்கும் நன்றி. இப்போதைக்கு சிலிக்கோன் ஷீட்டும் தழும்பை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் உடையும்தான் போடுகிறோம். வளர்கிற பிள்ளை, உடை சீக்கிரம் சிறிசாகிவிடுகிறது. கோவைப் பக்கம் அளவெடுத்துத் தைத்துத் தருபவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.